எழுபத்தெட்டு டிகிரி

மேசையின் மேல் ஒன்றுமே ஏற்றவில்லை. கட்டரும் மாட்டவில்லை. எண்ணெய்த் துணியால் துடைத்த வெறும் இரும்பு வட்டம், திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு, புரோகிராமில் எழுதியிருந்தபடி மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. இருபது டிகிரி, நாற்பது, ஐம்பது. ஐம்பத்தெட்டில் திணறியது. ஒரு நடுக்கம் ஓட, அரை டிகிரி பின்வாங்கி, மறுபடி முட்டி, மறுபடி பின்வாங்கி, நாலாவது முட்டலில் பேனலில் சிவப்பு விளக்கு எரிந்து மெஷின் தானாகவே நின்றுவிட்டது. மேசையைச் சுற்றும் மோட்டாரின் சுமையைக் காட்டுகிற ஊசி, சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டு இறங்கியதை ஆரோக்கியநாதன் பார்த்தான். காற்றைச் சுற்றுவதற்கு எதற்கு இத்தனை பலம்?

“இன்னொருக்கா போடுங்க மாப்ள,” என்றான்.

ஞானசீலன் பட்டனை அழுத்தினான். மறுபடி ஐம்பத்தெட்டு. மறுபடி அதே நடுக்கம், அதே சிவப்பு விளக்கு.

பரவையைத் தாண்டி திண்டுக்கல் ரோட்டோரம் இருந்த அந்தப் பட்டறையில் பதினாலு மெஷின்கள் இருந்தாலும், கம்ப்யூட்டர் சொல்கிறபடி ஓடுகிற சி.என்.சி. மெஷின் அது ஒன்றுதான். வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. எண்பத்தேழாம் வருஷத்தில் மதுரைப் பக்கம் அப்படியொரு மெஷினைப் பார்க்க காலேஜ் பையன்கள் பஸ் பிடித்து வருவார்கள். அதற்கென்று தனி அறை கட்டி, ஏ.சி. போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வா என்று போர்டு மாட்டியிருந்தார் முதலாளி விஸ்வேஸ்வரன். மற்ற மெஷின்கள் முன்னே பின்னே, இடம் வலம், மேலே கீழே என்று மூன்று வழியில் நகரும். இதற்கு நாலாவதாக மேசையே சுற்றும். பம்புக்குள் சுழல்கிற இம்பெல்லரின் வளைந்த இதழை வெட்ட, மேசை பூஜ்ஜியத்திலிருந்து நூற்றுமுப்பது டிகிரி வரை ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும், கட்டர் அதன்மேல் வெட்டிக்கொண்டே வர வேண்டும். நடுவில் மேசை ஒருமுறை விக்கினாலும் இதழில் தழும்பு விழுந்து முழு உலோகக் கட்டியும் குப்பைக்குப் போய்விடும்.

அந்த மெஷினுக்கு ஆபரேட்டர் ஞானசீலன். பட்டறையின் மெஷின்களையெல்லாம் பழுதுபார்க்கும் பொறுப்பு ஆரோக்கியநாதனுடையது. ஞானசீலன் அவனுடைய தங்கை சகாயமேரியின் புருஷன். முதலாளியின் காலைக் கையைப் பிடித்து அவனை இங்கே சேர்த்துவிட்டதும் ஆரோக்கியநாதன்தான். ஆறு மாதம் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரம் பண்ணுவதாகப் பேச்சு. அந்த ஆறாவது மாதம் இந்த மே கடைசியில் முடிகிறது. சகாயமேரிக்கு ஏழாவது மாதம்.

விஸ்வேஸ்வரன் கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

“என்ன ஆச்சு ஆரோக்கியநாதன்?”

“டேபிள் ஜெர்க் அடிக்குது சார். பாத்துக்கிட்டிருக்கேன்.”

“தானா எப்படி அடிக்கும்? உங்க மாப்பிள்ளை எங்கயாவது இடிச்சிருப்பார். புதன்கிழமை மூணு மணிக்கு பெங்களூர்லேர்ந்து பார்ட்டி வரா. அவா கண் முன்னாடி இது ஓடணும். ஓடலைன்னா, இடிச்ச ஆளை வச்சுண்டு நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்கோ.”

கதவு மூடிக்கொண்டது. பேனலுக்கு முன்னால் நின்ற ஞானசீலன் முகத்தை மட்டும் இடப்பக்கச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தான்.

“அட, அவரு கெடக்காரு. இங்க பாருங்க மாப்ள.”

“திரும்ப முடியல மச்சான். காலையிலயிருந்து கழுத்துப் பிடிச்சிருக்கு. தலகாணி சரியில்ல போல.”

ஆரோக்கியநாதன் மேசையைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவரும் பட்டனை அழுத்தினான். மேசை சத்தமில்லாமல் திரும்பி வந்து நின்றது. ஞானசீலனும் கழுத்தைத் தடவிக்கொண்டே நேராகத் திரும்பி, “இப்பத் தேவல,” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், ஐயோ பாவம், இந்த ஆளை வேலையைவிட்டு அனுப்ப விடக்கூடாது என்றுதான் ஆரோக்கியநாதனுக்குத் தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை.

அன்று முழுக்க அவன் காரணம் தேடினான். கட்டர் மில்லிமீட்டர் கணக்கில் ஓடுகிறது, மேசை டிகிரி கணக்கில். இரண்டுக்கும் ஒரே ஃபீடு, அதாவது நகரும் வேகம், கொடுத்தால் கன்ட்ரோலர் குழம்பித் தத்தித் தத்திப் போகும் என்று புத்தகத்தில் படித்திருந்தான். இரண்டையும் பிரித்து எழுதிப் பார்த்தான். மாற்றமில்லை. புரோகிராமை ஓட்டைகளாகக் குத்தியிருந்த காகித டேப்பில் தூசி இருக்குமோ என்று புது டேப் அடித்தான். டேப்பே வேண்டாமென்று பேனலிலிருந்து கையால் எண் கொடுத்துச் சுற்றினான். மேசைக்கு எண்ணெய் போகிற குழாயைக் கழற்றி ஊதினான், பிரேக்கைப் பிரித்து மாட்டினான். ஒவ்வொரு முறையும் மேசை ஐம்பத்தெட்டு வரை தேன்போல் வந்து, அங்கே நின்று நடுங்கியது.

சாயங்காலம் ஃபீடைக் குறைத்துப் பார்த்தான். பாதி வேகத்தில் மேசை அறுபது வரை போனது. பத்தில் ஒரு பங்கு வேகத்தில், மெல்ல மெல்ல, அறுபத்துமூன்று வரை வந்துவிட்டு நின்றது. நோட்டில் அந்த எண்ணை எழுதும்போது ஆரோக்கியநாதனின் பேனா தயங்கியது. பல்சக்கரத்தில் பிசிறோ பேரிங்கில் உடைசலோ என்றால் வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் அதே இடத்தில்தான் முட்டும். மெதுவாகத் திருப்பினால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற சாமான் இரும்பு கிடையாது. பின்னே எது என்று யோசிக்க ஆரம்பித்தவன், நோட்டை மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான்.

செவ்வாய்க்கிழமை ஞானசீலன் வரவில்லை. ஒத்தக்கடையில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்கு எதிர்வீட்டில் போன் இருந்தது. அங்கிருந்து சகாயமேரி கூப்பிட்டாள்.

“ராத்திரி பூரா தூங்கல அண்ணே. இடப்பக்கமா யாரோ இழுக்குற மாதிரி இருக்குன்னு சொல்றாக. தைலம் தேச்சு விட்டிருக்கேன்.”

“சுளுக்காத்தான் இருக்கும்த்தா. வெந்நி ஒத்தடம் குடு. இங்க வேலைய நான் பாத்துக்கிறேன்னு சொல்லு.”

போனை வைத்துவிட்டு அவன் ஏ.சி. அறைக்குள் போனான். வெளியே கத்திரி வெயில் தகரக் கூரையை முறுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே குளிர். ஏ.சி.யின் இரைச்சல் ஒரே சீராக இருந்தது, சுவருக்கு அந்தப் பக்கத்தில் லேத்துகள் ஓடுகிற சத்தம் பஞ்சு வைத்து அடைத்ததுபோல் மங்கலாகக் கேட்டது, பச்சைப் பெயின்ட்டும் எண்ணெயும் குளிர்ந்த இரும்பும் சேர்ந்த வழக்கமான வாசனைக்கு நடுவில் இன்னொரு வாசனையும் இருந்தது. குனிந்து முகர்ந்தான். தேங்காயெண்ணெய். மேசையின் நடுவில், தட்டு அகலத்துக்கு, வழவழவென்று ஒரு கறை.

அது யாருடைய எண்ணெய் என்று அவனுக்குத் தெரியும். சாப்பாட்டு மணியடித்ததும் ஞானசீலன் இந்த அறைக்குள் வந்து, ஸ்டூலில் உட்கார்ந்தபடி, மேசை மேல் தலையைச் சாய்த்துப் பத்து நிமிஷம் தூங்குவான். வெயில் காலத்தில் அந்தச் சில்லென்ற இரும்பைவிட நல்ல தலையணை மதுரை ஜில்லாவில் கிடையாது என்று சொல்வான். ஆரோக்கியநாதன் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கறையை அழுத்தித் துடைத்தான். துடைக்கும்போதுதான் தெரிந்தது, அந்த இடத்தில் மட்டும் இரும்பு குளிரவில்லை. சுற்றிலும் விரல் சில்லிட்டது. நடுவில் வெதுவெதுப்பாக இருந்தது. நேற்று சாயங்காலத்திலிருந்து மெஷின் ஓடவே இல்லை.

கையை எடுத்துக்கொண்டான். பிறகு, நல்ல மெக்கானிக் என்று பெயரெடுத்தவன் இதற்கெல்லாம் பயந்தால் சிரிப்பார்கள் என்று தன்னையே திட்டிக்கொண்டு, டூல் பெட்டியிலிருந்து நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். பேரிங் கெட்டுவிட்டதா என்று பார்க்க மெக்கானிக்குகள் செய்கிற வேலைதான். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மேசையின் அடிப்பாகத்தில் ஊன்றி, பிடியைக் காதெலும்பில் அழுத்திக்கொண்டு கேட்டால், உள்ளே ஒரு குண்டு தேய்ந்திருந்தாலும் டாக்டருக்குக் கேட்கிற மாதிரி கேட்கும். குறைந்த வேகத்தில் மேசையைச் சுற்றவிட்டு, முழங்காலிட்டுக் காதை வைத்தான்.

முதலில் மோட்டாரின் ரீங்காரம் வந்தது. அதற்குக் கீழே குண்டுகள் உருளும் மெல்லிய சரசரப்பு, சுத்தமாக, புது பேரிங்கின் சத்தம். முப்பது டிகிரி. நாற்பது. ஐம்பதைத் தாண்டியதும் எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஈரமான கயிற்றை முறுக்குகிற சத்தம். பிறகு ஒரு நெறிப்பு. சோம்பல் முறிக்கும்போது கழுத்தில் சொடுக்குமே, அது.

அதன்பிறகு யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்படித்தான் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, மூக்கு வழியாக இழுத்து, வலி தாங்குவதற்காக நிறுத்தி வைத்த மூச்சு. மேசை நடுங்கியது. அறுபத்தொன்று. மூச்சும் நடுங்கியது. சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்றபின், மோட்டார் கூட நின்றபின், அந்த மூச்சு மெதுவாக வெளியேறுவது அவன் காதெலும்பில் கேட்டது.

ஸ்க்ரூ டிரைவர் தரையில் விழுந்து உருண்டது. ஆரோக்கியநாதன் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஞானசீலன் வழக்கம்போல் மேசை மேல் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். டிபன் கேரியரைக் கழுவிவிட்டு வந்த ஆரோக்கியநாதனுக்குக் குறும்பு வந்தது. மச்சான் மாப்பிள்ளைக்குள் இல்லாத கிண்டலா? எந்த வேலையை ஏற்றினாலும், மெஷினுக்கு முதலில் அது எங்கே இருக்கிறது என்று காட்டித்தர வேண்டும். ஒரு சின்னக் கம்பியை இறக்கி, வேலையின் விளிம்பில் தொடவைத்து, ‘இதுதான் பூஜ்ஜியம்’ என்று பட்டனை அழுத்த வேண்டும். அதற்குமேல் அந்தச் சாமான் மெஷினுடையது, எந்தப் பக்கம் திருப்பினாலும் அதற்குத் தெரியும். ஆரோக்கியநாதன் அந்தக் கம்பியை மெதுவாக இறக்கி, தூங்குகிறவனின் நெற்றியில் தொட்டான். பட்டனை அழுத்தினான். காதோரம் தொட்டான். அழுத்தினான். மேசைக்கும் பூஜ்ஜியம் கொடுத்தான். குளிர்ந்த கம்பி பட்டு ஞானசீலன் திடுக்கிட்டு விழித்ததும், “மாப்ள, இன்னைக்கு ஜாப்பே உங்க தலதான்!” என்று கைகொட்டிச் சிரித்தான். அவனும் சேர்ந்து சிரித்தான். பிறகு அந்த எண்களையெல்லாம் அழித்தாயிற்று. அழித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எழுந்துபோய்ப் பேனலில் பார்த்தான். எல்லா இடத்திலும் சுத்தமான பூஜ்ஜியம். இதைப் பார்த்ததும் அவனுக்கு நிம்மதியாக இருந்தது, நிம்மதி வந்ததும் வெட்கமாக இருந்தது. டிப்ளமோ படித்தவன், ஸ்க்ரூ டிரைவரில் மூச்சுச் சத்தம் கேட்டேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் விஸ்வேஸ்வரன் முதலில் ஞானசீலனை அனுப்புவார், இரண்டாவதாக அவனை. அன்றைக்கு அதற்குமேல் மேசையைச் சுற்றவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான். ஒத்தக்கடைக்குப் போய் மாப்பிள்ளையை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தவன், போகவில்லை. போய்ப் பார்க்கப் பயமாக இருந்தது.

புதன்கிழமை காலை அறையைத் திறந்தபோது, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்த இடத்தில் தேங்காயெண்ணெய்க் கறை மறுபடி இருந்தது.

விஸ்வேஸ்வரன் ஒன்பதரைக்கே வந்து பின்னால் நின்றுகொண்டார். புதுச் சட்டை. வாசலில் கோலம் போடச் சொல்லியிருந்தார்.

“இன்னும் அதே கதைதானா?”

“காரணம் பிடிபடல சார்.”

“காரணம் எனக்கு வேண்டாம் ஆரோக்கியநாதன். ஓடணும். இல்லைன்னா ஒண்ணு பண்ணுங்கோ, ஆபரேட்டர் இடிச்சுட்டார்னு ஒரு லெட்டர் எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுங்கோ. வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

ஏழு மாத வயிற்றோடு தங்கை எதிர்வீட்டுப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

அவனுக்கு ஒரு வழி தெரியும். மெயின்டனன்ஸ்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் நோட்டில் எழுதாத வழி. மெஷினின் பின்பக்க அலமாரியைத் திறந்தால், மேசை மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் கார்டில் கடுகளவு திருகு ஒன்று இருக்கும். மோட்டார் எவ்வளவு பலம் காட்டலாம் என்பதற்கு அதுதான் எல்லை. அந்த எல்லையைத் தொட்டதும் மோட்டார் தயங்கும், நடுங்கும், நின்றுவிடும். எதிரே எது இருந்தாலும் அது நொறுங்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த எல்லை. அந்த நடுக்கத்துக்குப் பெயர்தான் ஜெர்க். திருகை ஏற்றிவிட்டால் நடுக்கம் போய்விடும், தடுக்கிற சாமான் மட்டும் அங்கேயே இருக்கும்.

தயாரித்த கம்பெனி திருகின்மேல் சிவப்புப் பெயின்ட் பொட்டு வைத்து மூடியிருந்தது. ஆரோக்கியநாதன் நகத்தால் அதைச் சுரண்டி எடுத்தான். வலப்பக்கம் ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

“போட்டுப் பாருங்கோ,” என்றார் விஸ்வேஸ்வரன்.

பதினொன்று இருபது. மேசை கிளம்பியது. நாற்பது. ஐம்பது. ஐம்பத்தெட்டு வந்தது, போனது. ஊசி ஏறியது, ஆனால் மேசை நடுங்கவில்லை. அறுபத்தைந்து. எழுபது. ஒரு விக்கல் இல்லை. விஸ்வேஸ்வரன் கைதட்டினார். எழுபத்தைந்து. மேசைக்கு அடியிலிருந்து, இந்த முறை ஸ்க்ரூ டிரைவர் இல்லாமலேயே, ஈரக் கயிறு முறுக்குகிற சத்தம் ஆரோக்கியநாதனுக்குக் கேட்டது. முதலாளிக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. எழுபத்தெட்டில் அவன் கை தானாகப் போய் சிவப்புப் பட்டனை அடித்தது.

“ஏன் நிறுத்தினேள்?”

“போதும் சார். சரியாயிருச்சு.”

“சபாஷ்! மூணு மணிக்கு நானே ஓட்டிக் காட்டறேன். ஆபரேட்டர் இல்லாட்டா என்ன?”

மேசையை எழுபத்தெட்டிலேயே விட்டுவிட்டு அவன் வெளியே வந்தான். பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவரக்கூட அதைத் தொட மனசில்லை. வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவிவிட்டு, வேப்ப மரத்தடியில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகச் சும்மா நின்றுகொண்டிருந்தான். ஒன்றரை மணிக்கு ஆபீஸ் பையன் ஓடிவந்தான், போன் வந்திருந்தது. எதிர்வீட்டம்மா பேசினாள். உங்க மாப்பிள்ளையை டவுனில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, பதினொன்றரை இருக்கும், ஒரே கத்து, தெருவே கூடிவிட்டது, உடனே வாங்க.

மூன்று மணிக்கு மெஷினை ஓட்டாதீர்கள் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போகத்தான் நினைத்தான். ஏன் என்று கேட்பார். பஸ்ஸைப் பிடித்துவிட்டான். வைகைப் பாலத்தில் லாரி ஒன்று மறித்து நின்று, அரை மணி நேரம் பஸ் வெயிலில் வெந்தது. அந்த அரை மணி நேரமும் அவன் தன்னை நாயே பேயே என்று திட்டிக்கொண்டிருந்தான்.

வார்டில் பினாயில் வாசனை. மின்விசிறி கடகடத்தது. கடைசிக் கட்டிலில் ஞானசீலன் மல்லாந்து கிடந்தான். முகம் மட்டும் இடப்பக்கம் திரும்பி, தாடை தோள்பட்டைக்கு மேல் ஏறி, அப்படியே நிலைத்துப் போயிருந்தது. கழுத்து நரம்புகள் விரல் தடிமனுக்குப் புடைத்திருந்தன. ஊசி போட்டிருக்கிறது, தசைப் பிடிப்பு என்கிறார்கள், நாலு மணிக்கு எக்ஸ்ரே என்று சகாயமேரி அழுதுகொண்டே சொன்னாள். ஆரோக்கியநாதனுக்கு அவள் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. பத்து வருஷமாகக் கோணங்களைப் பார்த்துப் பழகிய கண். அளக்க வேண்டியதில்லை. எழுபத்தெட்டு.

“மச்சான்.” உதடு அசையாமல் குரல் வந்தது. “யாரோ தலையப் பிடிச்சுத் திருப்புறாக.”

“யாருமில்ல மாப்ள. நான்தான் வந்திருக்கேன்.”

“கையில்ல மச்சான். கன்னத்துக்கு அடியில சில்லுன்னு இருக்கு. இரும்பு.”

தலையணையைத் தொட்டுப் பார்த்தான். வெறும் இலவம்பஞ்சு. வெயிலுக்குச் சுட்டது.

வார்டுச் சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றாக ஐந்து நிமிஷம். ஆரோக்கியநாதன் ஓடினான். வாசலில் இருந்த போனைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பட்டறை நம்பரைச் சுழற்றினான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாரும் ஏ.சி. அறையில் இருப்பார்கள், பெங்களூர்க்காரர்களைச் சுற்றி நின்றுகொண்டு, கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு. போன் ஆபீஸில் அடிக்கும். வைத்துவிட்டு மறுபடி சுழற்றினான். அடித்தது. யாருமில்லை.

“அண்ணே! அண்ணே, இங்க வாங்க!”

சகாயமேரியின் குரல். அழுகை இல்லை, சந்தோஷம். அவன் திரும்பி ஓடினான்.

ஞானசீலனின் தலை நேராகிக்கொண்டிருந்தது. தாடை தோளைவிட்டு இறங்கி, நடுங்காமல், ஒரே சீராக, கூரையைப் பார்க்க வந்து நின்றது. புடைத்த நரம்புகள் அடங்கின. அவன் நீளமாக மூச்சு விட்டான்.

“சரியாயிருச்சு அண்ணே! மாதாவே, கண்ணத் தொறந்துட்ட தாயே!” அவள் கட்டில் ஓரம் முழங்காலிட்டுவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள்.

“வலி போயிருச்சு மச்சான்,” என்றான் ஞானசீலன். சிரிக்கக்கூடச் செய்தான்.

மேசையைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். புரோகிராம் தொடங்கும் முன் முதலில் செய்கிற வேலை அதுதான்.

மணி மூன்று. முதல் ஆறு நிமிஷம் மேசை அசையாது. கட்டர் மட்டும் நேராக வெட்டும். அந்தப் புரோகிராமை வரிவரியாக எழுதியவன் அவன். ஏழாவது நிமிஷத்தில் மேசை கிளம்பும்.

மறுபடி போனுக்கு ஓடலாம். ஓடினால் தலையை யார் பிடிப்பது?

கட்டிலின் தலைமாட்டில் நின்று, இரண்டு கையாலும் ஞானசீலனின் தலையைப் பிடித்தான். காதுகளுக்கு மேலே. எண்ணெய் வழுக்கியது. துண்டைச் சுற்றிப் பிடித்தான். கட்டில் கம்பியில் முழங்காலை முட்டுக்கொடுத்துக்கொண்டான்.

“என்ன மச்சான், விளையாடுறீங்களா?”

“பேசாதீங்க மாப்ள. கழுத்த விறைச்சுக்கங்க. விட்டுறாதீங்க.”

மூன்று மணி ஐந்து நிமிஷம்.

ஆறு.

முதலில் அவன் உள்ளங்கையில்தான் தெரிந்தது. துண்டுக்கு அடியில் ஒரு நகர்வு. மிக மெதுவாக. இடப்பக்கம்.

“மச்சான்,” என்றான் ஞானசீலன். சிரிப்பு போய்விட்டிருந்தது.

இறுக்கினான். முழு பலத்தோடு இழுத்தான். தோள் நடுங்கியது, கட்டில் கிறீச்சிட்டது, பக்கத்துக் கட்டில்காரன் எழுந்து உட்கார்ந்து என்னய்யா பண்ற என்று கத்தினான். தலை நிற்கவில்லை. அவன் கைகள் அங்கே இருப்பதாகவே அது காட்டிக்கொள்ளவில்லை.

இருபது.

நாற்பது.

ஐம்பத்தெட்டு. திணறல் இல்லை. பின்வாங்கல் இல்லை.

“யாராவது வாங்களேன்! டாக்டரக் கூப்பிடுங்க!”

எழுபத்தெட்டு. நெறிபடுகிற சத்தம். ஞானசீலன் பல்லைக் கடித்து மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டான். அந்த மூச்சை ஆரோக்கியநாதனுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை கேட்டது.

தொண்ணூறு.

தாடை தோளைத் தாண்டியது. கண்கள் கடைசிவரை மச்சானின் முகத்திலேயே இருந்தன, இனித் திருப்ப முடியாத ஓரம்வரை திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தன. பிறகு அவையும் தலையணைப் பக்கம் போய் மறைந்தன. தலை இன்னும் திரும்பிக்கொண்டிருந்தது, நூற்றுமுப்பதை நோக்கி, ஒரே சீராக, அவன் குறித்துக் கொடுத்த வேகத்தில். கட்டிலோரம் முழங்காலிட்டபடியே சகாயமேரி கண்ணை இறுக மூடிக்கொண்டு, நன்றி தாயே, நன்றி தாயே என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.